பதினேழு பர்சென்ட்

நாற்று பறிக்கிறவளுக்கு இரண்டு கையும் சேறாகத்தான் இருக்கும். திலகவதிக்கு மட்டும் இந்தத் தை மாதத்தில் இடது கை சுத்தமாக இருந்தது. வலது கையால் பறித்து, காலில் அடித்து மண்ணை உதறி, கட்டாகச் சேர்த்து முடி போடுகிற நேரத்தில்தான் மனசில்லாமல் இடது கையைச் சேற்றில் விடுவாள். விட்ட வேகத்தில் வாய்க்கால் தண்ணீரில் அலம்பி, புடவையில் துடைத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துப் பார்ப்பாள்.

"இன்னா தெலகா, போன்ல பூ கீது வெச்சிக்கினு கீறியா? பத்து முடி பறிக்கறதுக்குள்ள நாலு வாட்டி மோந்து பாக்கற?" என்றாள் பக்கத்தில் குனிந்திருந்த மணியம்மாள்.

"டைம் பாத்தேன்கா."

"நல்லா பாத்த போ. கழனிக்காரி நீயே இப்டி பறிச்சா, கூலிக்கு வந்தவ நா எப்டி பறிக்கறது?"

வரப்போரம் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். திலகவதியும் சிரித்து வைத்தாள். பனி இன்னும் முழுசாக விலகவில்லை. தூரத்தில் அரக்கோணம் போகிற ரயில் கண்ணுக்குத் தெரியாமல் சத்தமாக மட்டும் போயிற்று.

அவள் பார்த்தது மணி இல்லை. போன் திரையில் ரோடும் ஏரியும் ஊர்ப் பேருமாக ஒரு மேப் இருந்தது. அதில் பச்சையாக ஒரு புள்ளி. புள்ளிக்குப் பக்கத்தில் பூமிகா என்று மகளின் பெயர், பெயருக்குக் கீழே அவள் போனில் எத்தனை பர்சென்ட் சார்ஜ் இருக்கிறது என்று ஓர் எண். புள்ளி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பூமிகா வேலை செய்கிற கம்பெனி வாசலில் நின்றது. உள்ளே போன் கொண்டுபோக விட மாட்டார்கள். செக்யூரிட்டி ரூம் பெட்டியில் போட்டுவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் காலை எட்டேகாலில் இருந்து சாயந்திரம் ஐந்தரை வரைக்கும் புள்ளி கேட்டைவிட்டு நகராது. அது நகராமல் இருக்கிறவரைக்கும் திலகவதிக்கு நிம்மதி. புள்ளிதான் பெண் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பூமிகா டிப்ளமோ படித்தவள். காருக்குள் போகிற வயர்க் கட்டுகளைச் செய்கிற கம்பெனியில் ஒன்றரை வருஷமாக வேலை. காலையில் ஆறேகாலுக்குக் கூட்ரோட்டில் கம்பெனி பஸ் வரும். திருவள்ளூர், பெரியபாளையம், கவரைப்பேட்டை என்று சுற்றிக்கொண்டு போய், சாயந்திரம் ஏழரைக்கு அதே இடத்தில் இறக்கிவிடும். அவ்வளவு தூரம் பெண்ணை அனுப்ப அவள் அப்பா ஆதிநாராயணனுக்கு மனசே இல்லை. மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்துதான் பூமிகா சம்மதம் வாங்கினாள். "ஒரு சொல்லு எங்காதுல உழுந்துச்சு, அன்னியோட நின்னுடணும்" என்று அவர் சொன்னதும், "சரி நைனா" என்று அவள் தலையாட்டியதும் அடுப்படியில்தான் நடந்தது. திலகவதி அப்போது களி கிளறிக்கொண்டிருந்தாள்.

போன ஐப்பசி மழையில் ஒருநாள் பஸ் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. பூமிகாவின் போனில் சார்ஜும் போய்விட்டது. வந்து சேர ஒன்பது மணி. அந்த ஒன்றரை மணி நேரம் கூட்ரோட்டில் நனைந்துகொண்டு நின்ற திலகவதியின் மனசு அவளுக்குக் காட்டாத காட்சி இல்லை. மகளைக் கண்டதும் ஓங்கி ஓர் அறை விட்டுவிட்டு, அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூமிகா தலைக்குக் குளித்துவிட்டு அசந்து தூங்கிய மத்தியானத்தில், அவள் போனை முந்தானையில் மறைத்துக்கொண்டு கடம்பத்தூர் ஸ்டேஷன் ரோட்டுக்கு நடந்தாள்.

அங்கே சந்திரமோகன் மொபைல் கடை வைத்திருந்தான். ரீசார்ஜ், சிம் கார்டு, ஆதாரில் நம்பர் சேர்ப்பது, பட்டாவுக்கு எழுதிப் போடுவது, ரயில் டிக்கெட் எல்லாவற்றுக்கும் சுற்றுப்பட்ட ஊர்களுக்கு அவன்தான். முப்பது வயசு, நெற்றியில் சந்தனம், நிமிர்ந்து பார்த்துப் பேசாத பணிவு. யார் வந்தாலும் ஸ்டூலை இழுத்துப் போடுவான். கழனிக்காரர்கள் பாதிப் பேருக்கு ஈமெயில் என்றால் என்னவென்று தெரியாது. எங்கே கேட்டாலும் அவனே ஒன்றை உண்டாக்கிக் கொடுத்து, பாஸ்வேர்டை ஒரு நீள நோட்டில் எழுதி வைத்துக்கொள்வான். "நீங்க மறந்தாலும் நா மறக்க மாட்டேன்" என்பான். அதைப் பெரிய உபகாரமாகத்தான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

"பொண்ணு எங்க போவுது, எங்க வருதுன்னு எனக்குத் தெரியணும் தம்பி. அதுக்குத் தெரியக்கூடாது" என்றாள் திலகவதி.

"இதெல்லாம் ஒரு மேட்டராக்கா? ஊட்டுக்கு ஊடு இப்ப இத்தப் போட்டுக்கினுதான் கீறாங்க. லாக் நம்பர் தெரியுமா?"

தெரியும். மகள் அழுத்தும்போது பின்னால் நின்று பார்த்து வைத்திருந்தாள். சொன்னாள்.

"ஈமெயில் கேக்குதுக்கா. உனுக்குத்தான் இல்லியே. என்னுத்தப் போட்டு ஓபன் பண்ணிடறேன். உம்போன்லயும் தெரியறாப்ல சேத்து உட்டுடறேன்."

"ஏதோ ஒண்ணப் பண்ணு. எனக்குத் தெரிஞ்சா போதும்."

அந்த 'ஏதோ ஒண்ணு' என்ற பேச்சை அவள் பின்னால் எத்தனையோ முறை நினைத்து வயிறெரிந்தாள்.

இரண்டு மாதம் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. பொங்கல் முடிந்த பிறகுதான் பூமிகா மாறினாள். ஒரு கை அதிகமாகச் சோறு தின்கிற பெண், வாளைக் கருவாடு போட்ட கத்திரிக்காய்க் குழம்பைக்கூட விரலால் கோலம் போட்டுவிட்டு எழுந்தாள். போன் 'டிங்' என்றால் தோள் ஒரு தரம் தூக்கிப் போட்டது. ஒருநாள், "நம்பர மாத்தணும் நைனா. எவனோ லோன்காரன் சும்மா சும்மா போன் பண்ணி பேஜாரு பண்றான்" என்றாள். ஆதிநாராயணன் அன்றைக்கே தன் பேரில் ஒரு புது சிம் வாங்கி வந்தார். சந்திரமோகன் கடையில்தான் வாங்கினார். வேறு எங்கே வாங்குவார்?

திலகவதிக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. பெண்ணுக்கு வயசு இருபத்தொன்று. போன வியாழக்கிழமை சாயந்திரம் புள்ளி பெரியபாளையத்தில் இறங்கி நாற்பது நிமிஷம் நின்றதை அவள் தன் கண்ணால் பார்த்திருந்தாள். அன்றைக்குப் பூமிகா, "பஸ் பஞ்சரு" என்று சொன்னாள். பொய். யாரு, எந்த ஊரு, என்ன சாதி என்று கேட்கத் துடித்த நாக்கை அடக்கிக்கொண்டாள். கேட்டால், உனக்கு எப்படித் தெரியும் என்று அவள் திருப்பிக் கேட்பாள். தெரிந்தும் கேட்க முடியாத தவிப்பில் திலகவதி முன்னைவிட அதிகமாகப் புள்ளியைப் பார்த்தாள்.

நாற்று பறித்து முடித்த அன்று சாயந்திரமும் அப்படித்தான் பார்த்தாள். மாட்டுக்குத் தவிடு கலக்கிவிட்டு, பத்து நிமிஷம் குறைய ஆறு மணிக்கு எடுத்துப் பார்த்தபோது புள்ளி கவரைப்பேட்டை பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தது. பூமிகா 17% என்று சிவப்பாக இருந்தது. சார்ஜ் போடக்கூட மறந்து போகிறாளே, எவன் நினைப்பில் இருக்கிறாளோ என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஏழு மணிக்கெல்லாம் கூட்ரோட்டில் போய் நின்றாள்.

பஸ் வந்தபோது பூமிகா தனியாக இறங்கவில்லை. பக்கத்து ஊர் ஜெனிபரும் அவளைத் தாங்கினாற்போல் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இரண்டு பேரும் ஒரே லைனில் வேலை செய்கிறவர்கள். ஜெனிபர் வழக்கமாக இன்னும் இரண்டு ஸ்டாப்பிங் தள்ளி இறங்குவாள். பூமிகாவின் கை ஐஸ்கட்டியாக இருந்தது.

"இன்னாடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லமா, தலவலி."

"பொய் சொல்லாத பூமி" என்றாள் ஜெனிபர். "ஆன்ட்டி, நீங்க திட்டினாலும் பரவால்ல, நா சொல்லிடறேன். ஒரு மாசமா எவனோ இவளுக்கு மெசேஜ் போட்டுக்கினே கீறான். பேரு தெரியாது, மூஞ்சி தெரியாது. சாப்ட்டியா, தூங்கினியான்னு இல்ல ஆன்ட்டி. இவ எங்க கீறான்னு சொல்றான்."

"எங்க கீறான்னா?"

"ஏடிஎம் வாசல்ல நின்னா, எட்டு நிமிசமா நிக்கறியே, கூட்டமான்னு கேக்கறான். கோயிலுக்குப் போனா, எனக்கும் சேத்து வேண்டிக்கினியான்னு கேக்கறான். பின்னால யாராவது வரானான்னு திரும்பித் திரும்பிப் பாத்து இவளுக்குக் கழுத்தே சுளுக்கிக்கிச்சி. ஒருத்தனும் வரல. நம்பர மாத்தினாளே, புது சிம்மு போட்டு ஒரு மணி நேரங்கூட ஆவல. புது நம்பர் நல்லாகீதுன்னு மெசேஜ் வருது. மறுநாள் இவ கம்பெனி பாத்ரூம்ல உக்காந்து அழுதா ஆன்ட்டி."

பூமிகா தலையைத் தூக்கவில்லை. "நைனாகிட்ட சொல்லாதம்மா. சத்தியமா நா எவன்கிட்டயும் பேசல. சொன்னின்னா வேலய உட்டு நிறுத்திடும். எனக்கு அந்த வேல ஒண்ணுதாம்மா கீது."

"இன்னிக்கு வந்தத காட்டு பூமி" என்று ஜெனிபர் போனை வாங்கித் திலகவதியின் முகத்துக்கு நேரே பிடித்தாள். திலகவதி எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

சார்ஜ் பதினேழுதான் கீது. ஊடு வர தாங்குமா?

மேலே நேரம் போட்டிருந்தது. ஐந்து ஐம்பத்திரண்டு.

"சார்ஜ் எவ்ளோ கீதுன்னு எப்டி ஆன்ட்டி தெரியும்? போன் இவ பைக்குள்ள கீது. பஸ்ஸுல எல்லாம் லேடீஸு" என்று ஜெனிபர் சொல்லிக்கொண்டே போனாள். திலகவதி அந்த எண்ணையே திரும்பப் படித்தாள். பதினேழு. அதே எண்ணை, அதே நேரத்தில், மாட்டுக் கொட்டகையில் நின்று அவள் பார்த்திருந்தாள். அவள் பார்த்த திரையை இன்னொருத்தனும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். 'என்னுத்தப் போட்டு ஓபன் பண்ணிடறேன்கா.' அவனை உள்ளே விட்டது யார் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

அங்கேயே சொல்லியிருக்கலாம். "நட, பனி கொட்டுது" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் கழனியில் நடவு. ஆட்களுக்கு டீயும் போண்டாவும் வாங்கிவருகிறேன் என்று தூக்கை எடுத்துக்கொண்டு பதினோரு மணிக்குக் கடம்பத்தூர் போனாள். நல்ல வெயில். ரோட்டில் ஆட்டோ, பள்ளிக்கூட வேன், கீரைக்காரி எல்லாம் இருந்தும் நடுக்காட்டில் தனியாகப் போகிற பயம் அவளைப் பிடித்திருந்தது. கடையில் வேறு யாரும் இல்லை. சந்திரமோகன் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"வாக்கா. நடவுன்னு மாமா சொன்னாரு. ஆப்பு நல்லா வேல செய்யுதா?"

"அத்த எடுத்துடு தம்பி. வோணாம்."

"ஏங்கா?"

"வோணாம். போறும். நானும் பாக்கல, நீயும் பாக்காத."

அவன் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கோபமில்லை, பதற்றமில்லை.

"நா இன்னாக்கா தப்பு பண்ணிட்டேன்? ஒரு வார்த்த அசிங்கமா பேசியிருப்பேனா? பத்தரமா போவுதா, வருதான்னு பாத்துக்கினுதானே கீறேன். உனுக்கு ஒரு நாளைக்கு எழுவது வேல. நா இங்க சும்மா உக்காந்துக்கினுதானே கீறேன்."

"அது எம்பொண்ணுடா."

"நா மட்டும் வேற யாருதோன்னா சொன்னேன்?" தன் போனைத் திருப்பி மேசைமேல் வைத்தான். அதே மேப். ஆனால் அவள் திரையில் ஒரு புள்ளி மட்டும் இருக்கும். இதில் கோடு கோடாக, பூரான் பூரானாக, எங்கெங்கோ வழி போயிருந்தது. "இது போன மாசம். இது அதுக்கு முந்தின மாசம். ஆஸ்பத்திரி, கோயிலு, பியூட்டி பார்லரு எல்லாம் கீது. இத்தப் பாரு, வியாழக்கெழம பெரியபாளையத்துல நாப்பது நிமிசம். மாமாகிட்ட சொல்லிச்சா? சொல்லியிருக்காது. காட்டட்டுமா? நம்மளுக்குள்ள எதுக்குக்கா. மாமா நல்ல மனுசன். நல்லா யோசன பண்ணிச் சொல்லு. எனக்கும் இன்னும் கல்யாணம் ஆவல."

அவன் முழங்கைக்குக் கீழே அந்த நீள நோட்டு இருந்தது. அதற்குள் எத்தனை வீட்டுப் பெண்களின் புள்ளி இருக்கிறதோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டு, திலகவதி டீயும் வாங்காமல் போண்டாவும் வாங்காமல் காலித் தூக்கோடு திரும்பி நடந்தாள். வழியில் தன் போனில் இருந்த ஆப்பை எப்படியோ அழுத்தி அழித்தாள். புள்ளி போய்விட்டது. அவளிடமிருந்து மட்டும்தான் போயிற்று, அவனிடம் இருக்கிறது என்பது கழனி வரப்பில் கால் வைத்தபோதுதான் உறைத்தது. இப்போது அவன் ஒருத்தன்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"டீ எங்க தெலகா?" என்று மணியம்மாள் கேட்டாள்.

"கட மூடிட்டான்கா" என்றாள். நடவுக்காரிகள் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடியும் குனிந்தார்கள். ஆதிநாராயணன் வரப்பில் நாற்று முடிகளை வீசிக்கொண்டே, "இன்னாமே, மூஞ்சி ஒரு மாதிரியா கீது?" என்றார். வெயில் என்று சொன்னாள். அன்றைக்கு அவளுக்குப் பொய்தான் சுலபமாக வந்தது.

சாயந்திரம் பூமிகா வந்து கை கால் கழுவி, மாட்டுக் கொட்டகைக்குள் வைக்கோல் போட வந்தாள். அப்பா தெருமுனையில் பேசிக்கொண்டிருந்தார். இதைவிட்டால் நேரமில்லை.

"பூமி. அந்த ஆள் யாருன்னு எனக்குத் தெரியும்."

வைக்கோல் கட்டு அப்படியே நின்றது.

"மொபைல் கட சந்திரமோகன். ஒம்போன்ல ஒரு ஆப் கீது. அதுல அவனுக்கு எல்லாந் தெரியுது. அத்தப் போட்டது..." கொட்டகை வாசலை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். "நாந்தாண்டி போடச் சொன்னேன். ஐப்பசியில. நீ தூங்கிக்கினு இருந்தப்ப. அவனுக்கும் தெரியும்னு எனக்குத் தெரியாது. ஒம்மேல சத்தியமா தெரியாது."

பூமிகா அழுவாள் என்று நினைத்தாள். கத்துவாள் என்று நினைத்தாள். பூமிகா ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"பெரியபாளையத்துல நின்னத பாத்தியா?"

திலகவதி தலையாட்டினாள்.

"ஜெனிபருக்குப் பொறந்த நாளும்மா. எறங்கி ஆளுக்கு ஒரு பிளேட் நூடுல்ஸ் துன்னோம். அப்பால டவுன் பஸ்ஸு மாறி வந்தோம். ஒரு பிளேட் நூடுல்ஸ். அத்தகூட நீ பாத்துக்கினு இருந்தியா?"

"பயந்துட்டேண்டி. மழையில அன்னிக்கு நீ வர்லியே, அந்த பயம்."

"நானுந்தான் ஒரு மாசமா பயந்துக்கினு கீறேன். எனக்கு பயம்னு நா யாரு போன்ல ஆப் போட்டேன்?" அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "அவன் பாத்துட்டு மெசேஜ் போட்டான். நீ பாத்துட்டு போடல. வேற இன்னாம்மா வித்தியாசம்?"

மாடு ஒன்று மூக்கால் வைக்கோலை இழுத்தது. திலகவதி வைக்கோலை மிதித்துக்கொண்டு கிட்டே வந்தாள். மகளைத் தொடக் கையை நீட்டினாள். பூமிகா ஒதுங்கிக்கொண்டாள். அறைந்த அன்றைக்குக்கூட ஒதுங்காத பெண்.

"இப்ப இன்னா பண்ணலாம்னு சொல்லு. நீ சொல்றத செய்யறேன்."

"நீ போட்டத நீதான் எடுக்கணும். நைனாகிட்டயும் நீதான் சொல்லணும். என்ன ஊட்ல உக்கார வெக்காத மாதிரி சொல்லணும். மெசேஜு ஒண்ணுகூட அழிக்கல, எல்லாம் அப்டியே கீது. என்னிக்காவது வோணும்னு வெச்சிருந்தேன்."

காலையில் எழுந்து பார்த்தபோது பூமிகா போய்விட்டிருந்தாள். சோற்று டப்பா இல்லை, செருப்பு இல்லை, துப்பட்டா இல்லை. அடுப்படி அலமாரியில், புளிப்பானைக்குப் பக்கத்தில் போன் மட்டும் இருந்தது.

திலகவதி கூட்ரோடு பக்கம் ஓடினாள். பாதி வழியில் பஸ் போகிற சத்தம் கேட்டது. ஏறினாளா, ஏறவில்லையா? கொட்டகையில் அவள் குரல் உடைந்ததை நினைத்தபோது ரயில் பாதையும் ஏரிக்கரையும் கண் முன்னால் வந்தன. பார்த்துத் தெரிந்துகொள்ள இனிமேல் எதுவும் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி, பச்சைத் தண்ணீரை ஒரு சொம்பு குடித்தாள். எட்டரை மணிக்கு அலமாரியில் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தாள்.

இன்னிக்கு லீவா?

அவன் மேப்பில் பூமிகா இந்நேரம் அடுப்படியில் நின்றுகொண்டிருக்கிறாள். திலகவதி போனை எடுத்துக்கொண்டு கழனிக்கு நடந்தாள். இன்னும் ஒரு நிமிஷம் வீட்டில் நின்றால் தைரியம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆதிநாராயணன் மிச்ச நடவுக்காக முழங்கால் சேற்றில் பரம்படித்து மட்டம் பண்ணிக்கொண்டிருந்தார். அவள் வரப்பில் நின்று, ஐப்பசி மழையில் ஆரம்பித்து, ஒன்றையும் விடாமல், பெரியபாளையத்து நூடுல்ஸ் வரைக்கும் சொன்னாள். அவர் முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

"நாளையில இருந்து அவ வேலக்கிப் போவத்தாவல" என்றார். "மொதல்ல அவன் கட ஷட்டர இஸ்து உட்டுட்டு வரேன்."

"இரு. ஒண்ணு கேளு. தப்பு பண்ணது அவன். அவனுக்குக் கதவத் தொறந்து உட்டது நானு. ஊட்ல உக்காரணும்னா நா உக்காரறேன். கழனிக்கு வர்ல, கடத்தெருவுக்குப் போவல, போனத் தொடல. அவ ஏன் உக்காரணும்? அவ இன்னா பண்ணா?"

இருபத்து மூன்று வருஷத்தில் அவள் அவரிடம் இப்படிக் குரல் உயர்த்திப் பேசியதில்லை. தூரத்தில் மணியம்மாள் நடவை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஆதிநாராயணன் பரம்பைச் சேற்றிலேயே விட்டுவிட்டு வரப்பேறினார்.

"அந்த சிம்ம நாந்தான் வாங்கியாந்தேன்" என்றார். "பொண்ணுக்குத்தான், நல்ல நம்பரா குடுன்னு சொன்னேன் அவன்கிட்ட."

வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்தார். பின்னால் உட்கார்ந்த திலகவதி மகளின் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மணவாளநகர் தாண்டும்போது அது துடித்தது.

எங்க போற? யாரு வண்டில போற?

ஆயில் மில் பக்கம் வந்தபோது இன்னொன்று. பஜாரில் நெரிசலில் நின்றபோது இன்னொன்று. கேட்டுக்கினே கீறேன், பதில் சொல்ல மாட்டியா? வண்டிக்குப் பின்னால் யாரோ ஓடி வருகிறாற்போல் அவளுக்கு முதுகு கூசியது. ஒரு மாதம் இதைத்தானே அந்தப் பெண் முதுகில் சுமந்துகொண்டு போய் வந்திருக்கிறாள் என்று நினைத்ததும், கண் நிறைந்து ரோடு தெரியவில்லை.

திருவள்ளூர் மகளிர் காவல் நிலையத்து வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். உள்ளே போய், மேசைக்குப் பின்னால் இருந்த போலீஸ் அம்மாவிடம் திலகவதி எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்போது, கையில் இருந்த போன் கடைசியாக ஒருதரம் ஒலித்தது. அந்த அம்மாளே வாங்கிப் படித்தாள்.

பூமிகா, அங்க எதுக்கு நிக்கற?

அதற்கப்புறம் கேள்வி வரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலையில் இருந்து வந்த மெசேஜுகள் கீழேயிருந்து ஒவ்வொன்றாக அழிந்தன. நாளாகிப்போன பழையவற்றை அவனால் அழிக்க முடியவில்லை. "அழிக்கறான் பாருங்க. பயந்துட்டான்" என்று சொல்லி, அந்த அம்மாள் தன் போனால் திரையைப் படம் எடுத்துக்கொண்டு, வெள்ளைத் தாளை முன்னால் இழுத்தாள்.

"அவனக் கூப்ட்டு விசாரிக்கறேன். நீங்க பயப்படாம உக்காருங்க. போன நீங்க கொண்டாந்துட்டீங்க. பொண்ணு இப்ப எங்க இருக்கு?"

திலகவதியின் இடது கை தன்னால் இடுப்புக்குப் போயிற்று. பாதியில் நின்று திரும்பி வந்தது. கும்மிடிப்பூண்டி வாசலிலா, பஸ்ஸிலா, வேறு எங்கேயாவதா. பயமாகத்தான் இருந்தது.

"தெரியாதுங்க மேடம்" என்றாள். "வேலக்கிப் போயிருக்கு. சாயங்காலம் வரும்."